பாஸ் நடைமுறையும் கணினியின் கருவும்

துணுக்காய், மல்லாவிப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குப் ‘பாஸ்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. தொண்ணூறுகளில் எங்கள் வாழ்க்கையை அளந்த சொற்களில் அதுவும் ஒன்று. வன்னியை விட்டு வெளியேற விரும்பியவர் முதலில் விடுதலைப் புலிகளின் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். திரும்பி வருவதற்குப் பிணையாக ஒருவரைக் காட்ட வேண்டும். இளவயதினருக்கு அந்த அனுமதி இலகுவில் கிடைப்பதில்லை. அதைப் பெற்றுக்கொண்டு படையினரின் எல்லையை அடைந்தால் அங்கே இன்னொரு பாஸ். வவுனியாவுக்குள் தங்குவதற்கு நாட்கணக்கில், கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் எனப் பல தரங்களில் அது வழங்கப்பட்டது. வவுனியா முகாம் ஒன்றில் வசித்த ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், அந்த நடைமுறை அரசியலமைப்பு உறுதியளித்த நடமாட்டச் சுதந்திரத்தை மீறுகிறது என 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று நான் எழுத வந்த விடயம் அதுவல்ல; கணினியைப் பற்றியது. கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்த எனக்குக் கணினி என்பது தட்டச்சுப் பொறியின் தம்பி என்பதற்கு மேல் நெடுங்காலம் எதுவுமாக இருந்ததில்லை. ஆயினும் என் அறியாமையால் நேர்ந்த ஒரு தவறு, கணினிப் பாதுகாப்பின் ஐம்பதாண்டு வரலாற்றை என்னைப் படிக்க வைத்தது. படித்தபோது அதில் எங்கள் ஊரின் சாயல் தெரிந்தது. எந்த இடத்தில் அந்தச் சாயல் பொய்யாகிறது என்பதும் தெரிந்தது. இரண்டையும் எழுதி வைப்பது நல்லது எனத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய பத்திரிகைத் துணுக்குகளையும் ஒளிப்படங்களையும் இணையத்தில் ஏற்றுவதற்காக ஒரு வழங்கிக் கணினியை மாத வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. வருடிய கோப்புகளை முதலில் என் சொந்தக் கோப்புறையில் சேர்த்தேன். பிறகு இணையத்தளத்துக்குரிய கோப்புறைக்கு அப்படியே நகர்த்தினேன். தளத்தைத் திறந்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வந்தது. கோப்புகளை எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் எனப் பொருள்படும் 777 என்ற எண்ணை அவற்றுக்கு வழங்கினேன். என் சொந்தக் கோப்புறை முழுவதற்கும் அதையே வழங்கினேன். அப்போதும் மறுப்புத்தான். இணையத்தில் தேடியபோது முகம் தெரியாத ஒருவர் ஒற்றை வரிக் கட்டளை ஒன்றை எழுதி வைத்திருந்தார். அதை இட்டவுடன் படங்கள் யாவும் தோன்றின. மகிழ்ச்சியோடு அதை நிரந்தரமாக்கிவிட்டு வேறு வேலை பார்க்கச் சென்றேன்.

அந்த ஒற்றை வரி, எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் காவலனைக் கைகட்டி நிற்க வைக்கும் கட்டளை. இதை எனக்குச் சொன்னவன் என் தங்கையின் மகன். அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் படித்தவன். எட்டு மாதங்களின் பின் தளம் மெதுவாகிவிட்டது எனச் சொல்லி அவனிடம் கொடுத்தபோது, அரை மணி நேரம் எதுவும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, இதை ஆர் நிற்பாட்டினது?”

“நான்தான். வேலை செய்யவில்லையே.”

“வேலை செய்தபடியால்தான் உங்களுக்குப் படம் வரவில்லை.”

தளத்தில் நான் புதுப்பிக்காமல் விட்ட பழைய மென்பொருட் செருகல் ஒன்றின் ஓட்டை வழியாக யாரோ உள்ளே வந்திருந்தார்கள். வந்தவர், இணையப் பக்கங்களைப் பரிமாறும் செயன்முறையின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, என் சொந்தக் கோப்புறையினுள் புகுந்திருந்தார். 777 என்று நானே கதவைத் திறந்து வைத்திருந்தேன் அல்லவா! அந்தக் கோப்புறையில் 2009இன் பின்னர் மீள்குடியேறியவர்களிடம் நான் எடுத்த குறிப்புகள் இருந்தன. பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட பதினொருவரின் பெயர்களும் ஊர்களும் அதில் இருந்தன.

அந்தப் பதினொரு பெயர்களை மனதில் வைத்துக்கொண்டுதான் பின்வரும் வரலாற்றை நான் படித்தேன்.

கணினிகள் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் இயந்திரங்களாக மாறிய அறுபதுகளின் இறுதியில், அமெரிக்கப் படைத்துறைக்கு ஒரு கவலை எழுந்தது. ஒரே இயந்திரத்தில் இரகசிய ஆவணமும் சாதாரண ஆவணமும் இருந்தால் ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடாமல் எவ்வாறு காப்பது? அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் அன்டர்சன் என்பவர் 1972இல் தயாரித்த அறிக்கை, இதற்கு ஒரு ‘மேற்பார்வையாளர்’ தேவை என்றது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொட முனைந்தாலும் அது அந்த மேற்பார்வையாளரைக் கடந்தே செல்ல வேண்டும். அவரை எவரும் மாற்றியமைக்க முடியாதிருக்க வேண்டும். அவர் சரியாக வேலை செய்கிறாரா என முழுமையாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியவராக இருக்க வேண்டும். இவையே மூன்று நிபந்தனைகள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் 1998இலும் 2000இலும் படைத்துறைச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டபோது இருந்த ‘தகுதிவாய்ந்த அதிகாரி’. எங்கள் செய்திகள் அவரைக் கடந்தே அச்சுக்குச் சென்றன. அன்டர்சன் கேட்ட மூன்றில் முதலாவது அங்கே முழுமையாக நிறைவேறியது. ஏனைய இரண்டையும் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

1973இல் டேவிட் பெல், லெனார்ட் லாபடுலா என்ற இருவர் மைற்றர் நிறுவனத்தில் இருந்துகொண்டு இந்தக் கவலைக்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். அவர்களுடைய விதிகள் இரண்டு. கீழ்த் தரத்தில் உள்ளவர் மேல் தரத்து ஆவணத்தைப் படிக்கக்கூடாது. இது எவருக்கும் விளங்கும். இரண்டாவதுதான் நுட்பமானது: மேல் தரத்தில் உள்ளவர் கீழ்த் தரத்துக் கோப்பில் எழுதக்கூடாது. ஏன்? தளபதி நம்பிக்கைக்குரியவராக இருக்கலாம்; ஆனால் அவர் இயக்கும் நிரல் அவரறியாமல் இரகசியத்தைப் பிரதி எடுத்துக் கீழே போட்டுவிடலாம். மனிதரை நம்பினாலும் அவர் பெயரில் இயங்கும் நிரலை நம்பாதே என்பதே இதன் சாரம். பத்திரிகையாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழில் உயிர்வாழ்வதே மேலிருந்து கீழே வரும் கசிவினால்தான். அதை அடைப்பதற்கென்றே பிறந்த விதி இது.

1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ‘செம்மஞ்சள் நூல்’ என அட்டை நிறத்தால் அழைக்கப்பட்ட மதிப்பீட்டு நூலை வெளியிட்டது. அது இருவகைக் கட்டுப்பாடுகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று விருப்புவழிக் கட்டுப்பாடு: கோப்பின் சொந்தக்காரர் தாம் விரும்பியவருக்கு அனுமதி கொடுப்பார். வீட்டுக்காரர் விரும்பியவரைத் திண்ணையில் இருத்துவது போல. மற்றையது கட்டாயக் கட்டுப்பாடு: சொந்தக்காரரின் விருப்பத்துக்கு மேலாக முழுக் கணினிக்குமான ஒரு கொள்கை இருக்கும், வீட்டுக்காரர் கடிதம் கொடுத்தாலும் கொள்கை இடம் தராவிட்டால் உள்ளே போக முடியாது. யுனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் பிறப்பால் முதலாம் வகை. 777 கொடுக்க எனக்கு உரிமை இருந்தது அதனால்தான். படங்கள் அதற்குப் பிறகும் வராமல் இருந்தது இரண்டாம் வகையால்.

விருப்புவழிக் கட்டுப்பாடு மட்டும் ஏன் போதாது என்பதற்கு நோர்ம் ஹார்டி என்பவர் 1988இல் எழுதிய சிறு கட்டுரையில் அருமையான உதாரணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் கணினியில் நிரல்களைத் தொகுக்கும் மென்பொருளுக்குத் தன் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தது. தன் பயன்பாட்டுக் கணக்கைப் பதிந்து வைப்பதற்காக அது கொடுக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கான கட்டணப் பட்டியற் கோப்பும் அதே கோப்புறையில் இருந்தது. ஒரு பயனர், தமக்கு வேண்டிய வெளியீட்டை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று கேட்டபோது அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். மென்பொருளும் தன் உரிமையைப் பயன்படுத்தி அதன் மேல் எழுதிவிட்டது. பயனருக்கு அந்த உரிமை இல்லை. மென்பொருளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் பட்டியல் அழிந்தது. ‘குழம்பிய பிரதிநிதி’ என்று ஹார்டி அதற்குப் பெயரிட்டார். என் இணையத்தளத்தின் செயன்முறையும் அப்படியொரு குழம்பிய பிரதிநிதிதான்.

அதே 1988 நவெம்பரில், மொறிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் இணைந்திருந்த யுனிக்ஸ் கணினிகளுக்குள் பரவியது. பின்னணியில் காத்திருந்து சேவை வழங்கும் செயன்முறைகளின் ஓட்டைகளே அதன் வாசல்களில் முக்கியமானவை. அக்காலத்தில் அத்தகைய செயன்முறைகள் பலவும் ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரத்துடன் இயங்கின. ஒரு சிறு சேவையைக் கைப்பற்றியவர் முழுக் கணினிக்கும் உரிமையாளராகிவிடலாம்.

ஆகவே கேள்வி மாறியது. எந்த மனிதர் எந்த இரகசியத்தைப் பார்க்கலாம் என்பதிலிருந்து, எந்தச் செயன்முறை எதைத் தொடலாம் என்பதற்கு வந்தது. 1985இல் போபேர்ட், கேய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த ‘வகை அமுலாக்கம்’ என்ற கருத்து இதற்கு வழி காட்டியது. ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு. எந்தச் சீட்டு எந்தச் சீட்டை என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் அட்டவணை. அட்டவணையில் இல்லாதது யாவும் தடை. யூட்டா பல்கலைக்கழகமும் செக்கியூர் கொம்பியூட்டிங் நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகமும் சேர்ந்து உருவாக்கிய பிளாஸ்க் என்ற ஆய்வு வடிவமைப்பில் இது முதிர்ந்தது. அதை அந்த முகவரகம் லினக்ஸுக்குள் கொண்டுவந்து 2000 டிசெம்பர் 22 அன்று மூலநிரலோடு பகிரங்கமாக வெளியிட்டது. அதுவே எஸ்.ஈ.லினக்ஸ். அடுத்த ஆண்டு லினக்ஸ் கருவை உருவாக்குவோரின் மாநாட்டில் அது முன்வைக்கப்பட்டபோது, ஒரே முறையைக் கருவுக்குள் திணிக்காமல் பல முறைகளும் பொருந்தக்கூடிய பொதுச் சட்டகம் ஒன்றே தேவை என லினஸ் டோர்வால்ட்ஸ் கூறினார். அச்சட்டகமும் எஸ்.ஈ.லினக்ஸும் 2003 டிசெம்பரில் வெளியான 2.6 பதிப்பில் இடம்பெற்றன. பின்னர் அதே சட்டகத்தில் ஸ்மாக், டோமோயோ, அப்ஆர்மர் ஆகியவையும் சேர்ந்தன. இவற்றுள் அப்ஆர்மர் கோப்புக்குச் சீட்டு ஒட்டாமல் கோப்பின் பாதையைப் பார்த்துத் தீர்மானிப்பது. உபுண்டுவில் 2007 முதல் இயல்பாகவே இயங்குவது.

உளவு முகவரகம் தந்த பூட்டை நம்பலாமா என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் அம்முகவரகத்தின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய போது உலகெங்கும் அதைக் கேட்டார்கள். என்னைச் சற்று அமைதிப்படுத்தியது, அதன் நிரல் முழுவதும் எவரும் படிக்கக்கூடியதாக இருப்பதும், முகவரகத்தோடு தொடர்பற்ற பல நிறுவனப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்காக அதைப் படித்துத் திருத்தி வருவதுமே.

ஆனால் இந்த வரலாற்றில் என்னைக் கூடுதலாகக் கவர்ந்த பகுதி 2004இல் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் வெளியான பெடோரா கோர் 2இல் எஸ்.ஈ.லினக்ஸ் சேர்க்கப்பட்டது. அதன் கடும் கொள்கை கணினியிலுள்ள எல்லாவற்றையும் கட்டுப்படுத்த முனைந்தது. அன்றாட வேலைகள் தடைப்பட்டன. ஆகவே இயல்பு நிலையில் அது முடக்கியே வழங்கப்பட்டது. ஆறு மாதங்களின் பின் வந்த பெடோரா கோர் 3இல் வழி மாற்றப்பட்டது. வெளியுலகுக்கு முகம் காட்டும் சில சேவைகளை மட்டும் இறுக்கிக் கட்டு. வீட்டுக்குள் நடப்பவரை அவர் போக்கில் விடு. அந்த இலக்கு வைத்த கொள்கைதான் நிலைத்தது. 2005இல் ரெட் ஹட் நிறுவனத்தின் வணிகப் பதிப்புக்கும் அதுவே வந்தது.

வன்னியில் வாழ்ந்தவருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் மின்கலமும் வரவில்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு விளக்கெரித்தோம். அன்றாட வாழ்வை நெரிக்கும் விதிக்கு மனிதர் மாற்றுவழி கண்டே தீருவர். கணினியிலே அந்த மாற்றுவழிக்குப் பெயர் ‘நிற்பாட்டி விடு’ என்பது. நான் செய்ததும் அதுவே. வித்தியாசம், எங்களை நெரித்த தடையைக் கடந்தபோது நாங்கள் பிழைத்தோம். இந்தத் தடையை நான் நீக்கியபோது பிறரை ஆபத்தில் விட்டேன்.

என் படங்கள் ஏன் வரவில்லை என்பதை மருமகன் விளக்கியது இப்படி. என் சொந்தக் கோப்புறையில் பிறந்த கோப்புக்கு ‘வீட்டுக் கோப்பு’ என்ற சீட்டு ஒட்டப்படும். பிரதி எடுத்திருந்தால் புதிய இடத்துக்குரிய சீட்டு கிடைத்திருக்கும். நகர்த்தியதால் பழைய சீட்டோடேயே போயின. இணையச் செயன்முறைக்கு வீட்டுக் கோப்பைத் தொட அனுமதியில்லை. 777 என்பது அந்த மேற்பார்வையாளருக்குப் பொருட்டே அல்ல.

“உங்கட அடையாள அட்டை மாதிரித்தான் மாமா. கொழும்பிலை இருந்தாலும் பிறந்த இடம் துணுக்காய் எண்டுதானே கிடக்கும்” என்றான்.

சிரித்தேன். ஆனால் எத்தனை சாவடிகளில் அந்த ஒற்றை ஊர்ப்பெயருக்காக வரிசையை விட்டு விலக்கி நிறுத்தப்பட்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. 2007 யூன் 7 அன்று கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டபோது அவன் சிறுவன். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது என்றாலும், பிறந்த ஊர் ஒரு சீட்டாக மனிதரோடு அலைந்த காலம் அது.

கோப்பின் சீட்டைத் திருத்துவதற்கு வேண்டியிருந்தது ஒரேயொரு கட்டளை. இந்த இடத்தில் இருக்கும் கோப்புக்குக் கொள்கையின்படி எந்தச் சீட்டு உரியதோ அதை ஒட்டிவிடு என்று சொல்வது. ‘ரெஸ்டோர்கொன்’ என்று அதற்குப் பெயர். அரை நிமிட வேலை. மறுப்பு வந்தால் முதலில் பதிவேட்டைப் படிக்க வேண்டும்: எந்தச் செயன்முறை, எந்தக் கோப்பை, என்ன செய்ய முயன்றது, இரண்டின் சீட்டுகளும் எவை என்று ஒரே வரியில் இருக்கும். சீட்டுத் தவறானால் சீட்டைத் திருத்து. பலருக்கும் பொதுவாக வரும் தேவையானால் அதற்கென முன்கூட்டியே வைக்கப்பட்ட ஆளியைப் போடு. இரண்டும் பொருந்தாவிட்டால் மட்டும் புதிய விதி எழுது. பதிவேட்டிலிருந்து தானாகவே விதி எழுதித் தரும் கருவியும் உண்டு. அதைப் படிக்காமல் ஏற்பவர், கொண்டுவரும் கடிதத்துக்கெல்லாம் கையொப்பமிடும் அதிகாரிக்குச் சமம். ‘அனுமதிக்கும் நிலை’ எதற்கு என்றால் புதிய கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் சில நாட்களுக்கு. அந்நிலையில் காவலன் எதையும் தடுக்கமாட்டான். தடுத்திருக்க வேண்டியவற்றை எழுதி மட்டும் வைப்பான். நான் எட்டு மாதம் அதிலேயே விட்டிருந்தேன். என் குறிப்புகள் வாசிக்கப்பட்ட அந்த இரவின் வரிகள் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தன. ஒவ்வொரு கோப்பின் பெயரும் நேரத்தோடு இருந்தது.

பாஸ் நடைமுறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை மருமகன் கண்டான். வேற்றுமையை நான் நெடுநாள் யோசித்தேன். எங்கள் பாஸ், பலம் குறைந்தவரைப் பலம் கூடியவர் கட்டிவைத்தது. மறுத்தால் காரணம் சொல்லப்படவில்லை. விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க முடியவில்லை. 2009இல் மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. கணினியின் கட்டாயக் கட்டுப்பாடு, ஒழுங்காக அமைக்கப்பட்டால், பலம் கூடிய செயன்முறையைக் கட்டுகிறது. ரூட் அதிகாரத்தோடு இயங்கும் சேவைகூட அதன் அட்டவணைக்கு வெளியே போக முடியாது. விதி எழுத்தில் இருக்கிறது, மறுப்புக்குக் காரணம் பதிவாகிறது, பிழையென்றால் திருத்தலாம். ஒரே கருவி இரு திசைகளிலும் பயன்படக்கூடியதுதான். கொள்கையை யார் எழுதுகிறார், யாரைக் காப்பதற்கு எழுதுகிறார், அதை யார் படித்துப் பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளே வேற்றுமையை உண்டாக்குகின்றன.

இது வழங்கிக் கணினிகளுக்கு மட்டுமான விடயமும் அல்ல. அன்ட்ரொய்ட் கைபேசிகளில் 2013இல் எஸ்.ஈ.லினக்ஸ் நுழைந்தது, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து முழுமையாக அமுலில் உள்ளது. துணுக்காய்ச் சந்தியில் நிற்கும் பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசிக்குள்ளும் ஒவ்வொரு செயலியும் தன் சீட்டோடுதான் நடமாடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாமலே அது காக்கிறது.

அந்தக் கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தோம். குறிப்புகள் அங்கே இருந்திருக்கவே கூடாது. அவை இப்போது இணையத்தோடு இணையாத ஒரு கணினியில், பூட்டிய மறைகுறி வடிவில் இருக்கின்றன. அதன் பிறகு பதினொருவரையும் ஒவ்வொருவராகத் தேடி அழைத்தேன். இருவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் வன்னிக்கு நேரே போனேன். சிலர் கோபித்தார்கள்; அது நியாயம். ஒருவர், இனிமேல் தன்னிடம் வரவேண்டாம் என்றார். மல்லாவிப் பக்கத்து அம்மா ஒருவர் மட்டும், “தம்பி, பிழை விட்டிட்டன் எண்டு வீட்டு வாசல்ல வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்” என்று சொல்லித் தேநீர் தந்தார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை என்பதை அறிவேன். இன்றுவரை அவர்களில் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

இதை வாசிக்கும் இளைய பத்திரிகையாளர்களுக்கு ஒன்று. உங்கள் வழங்கியில் ஏதாவது வேலை செய்யாதபோது, காவலனை நிற்பாட்டச் சொல்லும் அந்த ஒற்றை வரி இன்றும் இணையத்தில் கிடக்கிறது. அதை இடுவதற்கு முன் பதிவேட்டைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள். நான் இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி என் வழங்கியின் நிலையைக் கேட்டுப் பார்க்கிறேன். ‘அமுலில் உள்ளது’ என்று பதில் வந்த பிறகே அடுத்த வேலை.